நிகர எடை

எங்கள் எடைப்பாலத்துக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
பூனை குறுக்கே படுத்துக் கிடக்கும்,
திரையில் பூஜ்யம்.

சிலிம் ரிவர் டவுனுக்கு நாலு மைல் தள்ளி
செம்பனை ஆலையின் வாசலில்
இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்
எனக்கு இருபத்திரண்டு வருஷம்.
குலையோடு லோரி ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டுக் கொசோங்காய் ஏறும், இன்னோர் எண்.
கழித்து வருவதற்குத்தான் காசு.

போகிறவர்களின் கடிதத்தை அடித்துக் கொடுப்பதும் நான்தான்,
என் மலாயில் பிழை இருக்காதாம்.
காரணம்: சொந்தக் காரணம்.
கம்ப்யூட்டரில் ஒரே கடிதம் வைத்திருக்கிறேன்,
பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்.

பாய்லர் பார்த்த தர்மலிங்கம் சிங்கப்பூர் போனான்.
வெள்ளிக்காசு இழுத்துவிட்டது என்றார்கள்.
ஆறு வருஷம் இன்ஜினியர் அவனைத்
தர்மராஜா என்றே கூப்பிட்டார்,
அவ்வளவுதான் விஷயம்.
கேண்டீன் அந்தோணியம்மாள் முட்டி வலி என்றாள்.
புதிதாய் வந்தவளின் சாம்பாருக்கு ஆட்கள்
இரண்டாம் தடவை தட்டு நீட்டியதை
நானும் பார்த்தேன்.

பத்துமலை
பத்தொன்பது வருஷம் கம்பெனி லோரி ஓட்டினார்.
அங்சானா மரத்தடியில் அவர் மோட்டார் நிற்கும்.
ஒருநாள் அங்கே வெள்ளைக் கோடு போட்டு
யாருடைய கார் நம்பரையோ எழுதி வைத்தார்கள்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று மாதம் கழித்துக் கடிதத்துக்கு வந்தார்.
"சம்பளம் பத்தலைன்னு போடவா அண்ணே?"
"வேணாம். சம்பளம் பத்துச்சு."
வெளியே பார்த்தார்.
வெயிலில் மோட்டார்,
சீட்டின் மேல் ஈரத்துணி.
நான் பெயரையும் தேதியையும் மாற்றினேன்.

நீ ஏன் போகவில்லை என்று என்னையும் கேட்கிறார்கள்.
தங்கச்சிக்கு ஒரு பதில்: குவார்ட்டர்ஸ் வீடு.
மச்சானுக்கு ஒரு பதில்: சேமநிதி, இன்னும் ஏழு வருஷம்.
பயம் என்றால் பாதி சரி.
கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனி கூப்பிட்டது,
முந்நூறு ரிங்கிட் கூடுதல்.
சேலை கட்டி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.
அவர்கள் காட்டிய மேசைக்கு ஜன்னல் இல்லை.
திரும்பி வந்து
பஸ் லேட் என்று வீட்டில் சொன்னேன்.

என் ஜன்னலில் அப்படி என்ன, சேறுதான்.
வண்டிகள் வரிசை பிடிக்கும், காலை ஆறு மணி விளக்குகள்.
சத்தத்திலேயே எந்த லோரி என்று சொல்லிவிடுவேன்.
ஒருமுறை ஒரு தவுக்கேயின் ஆள்
குலையில் தண்ணீர் அடித்துக் கொண்டுவந்தான்,
ஐம்பது ரிங்கிட்டை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்தான்.
வண்டியைத் திருப்பி அனுப்பினேன்.
அன்று ராத்திரி புரளாமல் தூங்கினேன்.
அதற்காகவா இருபத்திரண்டு வருஷம்?
இல்லை. ஆனால் அதுவும் உண்டு,
பத்துக் கிலோவுக்குக் கீழே எங்கோ.

போன செவ்வாய், மழை விட்ட நேரம்,
தெரியாத லோரி, தெரிந்த ஹாரன்.
கன்டிராக்டர் வண்டியில் பத்துமலை.
தாடி வைத்திருந்தார்.
"என்னம்மா, இன்னும் இங்கதானா?"
"என்னண்ணே, மறுபடியும் இங்கதானா?"
இருவரும் சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.
அங்கே பணம் கூடவா என்று நான் கேட்கவில்லை.
அவராகச் சொன்னார்:
"குறைவுதான்.
ஆனா வண்டிய நெழல்ல போட்டுக்கலாம்."

கொட்டிவிட்டு வந்து ஏறினார், சீட்டு வாங்கினார், போனார்.
காலிப் பாலம் இருபது கிலோ காட்டியது.
அவர் டயர் விட்டுப்போன சேறு.
பொத்தானை அமுக்கினால் பூஜ்யம் ஆகிவிடும்,
எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.
நான் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வெளியே போனேன்.
அடுத்த லோரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான்.
அடிக்கட்டும்.