முடிவு

படிவத்தின் முதல் கேள்வி:
பனிச்சறுக்கின்போதா?

பத்தொன்பது வருடமாய்க் கூர் நகரில் இருக்கிறேன்.
பனியை அள்ளியிருக்கிறேன், உப்புத் தூவியிருக்கிறேன்,
அதைத் திட்டியும் இருக்கிறேன்.
சறுக்கி விளையாடியதில்லை.

விடியப்புறம் நாலரை. பத்திரிகைக் கட்டு, தள்ளுவண்டி.
தபால் கந்தோர் வளைவில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் பனி.
கால் போனது. கை மட்டும்
பிடியை விடமாட்டேன் என்றது.
விட்டிருந்தால் முழங்கால் சிராய்ப்போடு போயிருக்கும்.
பெருவிரல் மற்ற நாலையும் விட்டு
வெளிப்பக்கம் போய்த் திரும்பி வந்தது.
மிச்சம் நாற்பத்தொரு பெட்டிக்கும் இடக்கையால் போட்டேன்.

"இதற்கு இங்கே சறுக்குவிரல் என்றுதான் பெயர்"
என்றார் டொக்டர் கடுஃப், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

நல்ல கையைத்தான் முதலில் பிடித்தார்.
நோவு அந்தப் பக்கமில்லை, என்றேன்.
"உங்கள் அளவு எதுவென்று
உங்களிடம்தானே கேட்க வேண்டும்."
விரலை மெல்ல வெளியே சாய்த்தார்.
கொஞ்சம் போய், டக்கென்று நின்றது,
லாச்சி தன் கடைசிக்கு வந்து நிற்பதுபோல.

பிறகு மற்றது. விறைக்க ஒரு ஊசி.
சாய்த்தார். சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது.
லாச்சி கையோடு கழன்று வந்துவிட்டது.
"முடிவு தட்டுப்படவில்லை" என்றார்.

நான் கேட்க வந்த முடிவு வேறு:
ஒரு தாங்கி, ஆறு கிழமை, சுகம்.
ஹோட்டல் சலவைக்கூடத்தில் என்னோடு நிற்கிற
சுகிர்தமலருக்கு அப்படித்தான் மாறியது.
அவளுக்குப் பாதி நார்தான் கிழிந்தது.
பிடித்திருந்த பாதி
மற்றதைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது.

ஸ்கான் திரையில் சாம்பல் நிறத்தில் என்னவோ.
அறுந்த நுனி சுருண்டு
தசையின் விரிப்புக்கு மேலே ஏறிக் கிடக்கிறதாம்.
அது ஒட்ட வேண்டிய எலும்பு விரிப்புக்குக் கீழே.
எனக்கு விளங்கியது:
குளிர்ச்சட்டைக்குள் இருக்க வேண்டிய சட்டைக்கை
வெளியே வந்து மடிந்திருக்கிறது.

எவ்வளவு தூரம்?
ஆறு மில்லிமீட்டர்.
ஒரு அரிசி.

ஆறு கிழமை பார்த்தால்?
"ஆறு மாதம் பார்த்தாலும்
அது வழி கேட்டு வராது."
நாளைக்கே என்றில்லை,
மூன்று கிழமையைத் தாண்டவிட வேண்டாம் என்றார்.
கையெழுத்துக்கு அவசரமில்லை,
வீட்டில் கதைத்துவிட்டு வரலாம் என்றார்.

வீட்டில் கதைக்க இருப்பது
சோறு யார் வடிப்பது என்பது மட்டும்தான்.
வெட்டினாலும் வெட்டாவிட்டாலும்
ஆறு கிழமை வேலை இல்லை. அந்தக் கணக்குச் சமம்.
அதற்குப் பிறகு வருகிற
ஜாம் போத்தல், கதவுச் சாவி,
முறுக்கிப் பிழிய வேண்டிய ஈரத் துணி
இவற்றுக்குத்தான் சமமில்லை.

பேனாவை எடுத்தேன்.
விறைத்த விரலில் தங்காமல்
மேசைக்குக் கீழே உருண்டது.
டொக்டர் குனிந்து எடுத்து
பேசாமல் இடக்கையில் தந்தார்.

முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தில் என் பெயர்.

முதல் கேள்வி இன்னும் வெறுமையாய் இருந்தது.
இல்லை என்பதன்மேல் ஒரு கோடு போட்டேன்.
கோணல்தான்,
ஆனாலும் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.