வெள்ளை மை

லண்டனில் பக்கத்துக்கு இத்தனை பவுண்டு என்று பேச்சாம்.
எனக்கு சிவகாசியிலிருந்து ஒன்றே முக்கால் ரூபாய்,
மணியார்டர் கமிஷனைக் கழித்துக்கொண்டு.

வேலை இதுதான்:
ஆங்கிலம் பேசும் பலூன்களை வெள்ளை மையால் அடைத்து
மேலே தமிழ் எழுத வேண்டும்.
அருவங்காட்டில் வெடிமருந்து ஆலையின் சங்கு ஊதியதும்
பில் பிரிவு நாற்காலியிலிருந்து எழுந்து
பஸ் பிடித்துக் குன்னூர் வந்து
பெட்போர்டு மாடி அறையில்
செவ்வாய் கிரகத்தில் இறங்குவேன்.

ஜூலையில் மை காயாது.
மேகம் ஜன்னல் வழியே வந்து பக்கத்தின் மேல் உட்காரும்.
இஸ்திரிப் பெட்டியைக் காட்டிக் காட்டி உலர்த்தியதில்
ஒரு விண்கலம் முழுசாகப் பழுப்பேறிவிட்டது.
ஆசிரியர் தங்கமாரி கார்டு போட்டார்:
"பரவாயில்லை. சூரியன் பக்கம் போன மாதிரி இருக்கிறது."

அவர்கள் வார்த்தை குட்டை. பலூனும் குட்டை.
விண்கலத்தின் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதை
இலந்தைப்பழத்துக்குள் எப்படி எழுத?
"எண்ணெய் இல்லை, கேப்டன்."
மிச்சத்தைக் கேப்டனின் முகம் பார்த்துக்கொள்ளும்.

வரைந்தவர் பெயர் எங்கும் கிடையாது.
எழுதியவர் பெயரும்.
பதினோரு வருஷம் ஒரு கையையே பார்த்துக்கொண்டிருந்தால்
பெயர் எதற்கு?
கட்டைவிரல்காரர் என்று ஒருவர்:
மனிதனோ எந்திரனோ, கட்டைவிரல் மட்டும்
பின்னால் வளைந்திருக்கும்.
மழைக்காரர், காற்றே இல்லாத கிரகத்திலும் மழை பெய்ய வைப்பார்.
கதை எழுதுகிறவர்களில் ஒருவர்
ஐந்தாம் பக்கத்தில் தவறாமல் சமையற்காரனைக் கொல்வார்.
எந்த மெஸ்ஸில் என்ன சாப்பிட்டாரோ.

மழைக்காரரின் கோடுகள் எழுபத்தொன்பதில் நடுங்கின.
முதலில் மலைகள், பிறகு கோபுரங்கள்.
அடுத்த பார்சலில் எல்லாமே ஸ்கேல் வைத்து இழுத்தவை.
அதற்கடுத்ததில் மழை இல்லை.
தலைப்பு அதே, கேப்டன் அதே கேப்டன்,
வேறு யாரோ இளவட்டம், அவசரமாக,
நிறையப் பல் வரைந்தது.
கொஞ்ச நாளில் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில்
"மகிழ்ச்சியான செய்தி, நண்பர்களே!"
இரண்டு பத்திரிகை ஒன்றாகிறதாம்.
கல்யாணம் என்று சொல்லி இழவு நடத்துவது
அங்கேயும் உண்டு.

கட்டைவிரல்காரர் பிழைத்துக்கொண்டார்.
ஊட்டி சேரிங்கிராஸ் பழைய புத்தகக் கடையில்
ஒரு அமெரிக்கப் புத்தகம், முழுக் கலர்.
பறக்கும் தடியன் ஒருவன் கையில்
அதே விரல்.
உள்ளே, முதல் தடவையாக, பெயர்:
லெஸ்லி அப்ஷா.
இத்தனை நாள் ஆளை ஒல்லி என்றே நினைத்திருந்தேன்.
பெயர் குண்டாக இருந்தது.

அன்று இரவு கட்டிலுக்கடியில் கிடந்த
பழைய புரோமைடுகளை இழுத்துப் போட்டேன்.
கலத்தின் வால் பக்கம், ஆணி வரிசைக்கு நடுவே
அச்சு அழுக்கு என்று நினைத்து
வாரம் தவறாமல் நான் வெள்ளை வைத்த இடம்.
நகத்தால் சுரண்டினேன்.
எறும்புக் கால் அளவில் இரண்டு எழுத்து.
இன்னொரு பக்கம். அதே இடம், அதே இரண்டு.
அங்கே அத்தனை கண்ணுக்கும் தப்பித்து வந்த பெயரை
குன்னூரில் ஒருத்தி
நூற்று நாற்பது வாரம்
ஒழுங்காக, சம்பளத்துக்குக் கொன்றிருக்கிறாள்.

தேயிலை ஏலக்காரரிடம் லென்ஸ் இரவல் வாங்கினேன்.
அடுத்த பார்சல் அந்தப் பல்லு வரைகிற பையனுடையது.
இரண்டு ராத்திரி தேடி
நிலாவின் ஒரு பள்ளத்தில் கண்டுபிடித்தேன்.
தொடவில்லை.
பக்கத்துப் பள்ளத்தில், பேனா முனை பட்டதும் படாததுமாக,
லி.
மணியார்டர் தாளில் மட்டும் முழுசாக வரும் லிங்கி மாதன்,
இறங்கினாள்.

தங்கமாரியின் கார்டு வந்தது:
"நிலாவில் ஏதோ அழுக்கு. கவனிக்கவும்."

கவனித்தேன்.
அடுத்த வாரம் இன்னும் பொடியாக எழுதினேன்.