வெள்ளிக்கிழமை லாரி

தை பிறந்து இருபது நாள்.
ஃபேன் ஐந்தில் ஓடுகிறது.
"பனி இறங்கினா கொசு அடங்கிடும்" என்று
சூப்பர்வைசர் சொன்ன பனி
கொருக்குப்பேட்டைக்கு வழி தெரியாமல்
எங்கேயோ நிற்கிறது.

இன்று நாற்பத்தோரு வீடு.
ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தட்டு,
மொட்டை மாடியில் ஒரு ஸ்கூட்டர் டயர்,
சாமி படத்துக்குக் கீழே மணிபிளான்ட் பாட்டில்.
டார்ச் அடித்தால்
காற்புள்ளிகள் துள்ளுகின்றன.
கொட்டினேன். நோட்டில் எழுதினேன்.

மூன்றாம் மாடி ஹெப்சிபா கிரில்லைத் திறக்கவில்லை.
கம்பி வழியே ரிப்போர்ட்டை நீட்டினாள்.
பையனுக்கு நான்காம் நாள் காய்ச்சல்.
பிளேட்லெட் நாற்பத்திரண்டாயிரம்.
நான் டாக்டர் இல்லைம்மா என்றேன்.
நேற்று எவ்வளவு இருந்தது என்றும் கேட்டேன்.

ராத்திரி,
என் வீட்டு நீல டிரம்முக்குள்
அதே டார்ச்.
அதே காற்புள்ளிகள்.
அடுத்த லாரி வெள்ளிக்கிழமை.

ஊரைக் கொட்டச் சொன்ன வாய்
கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
பிறகு பழைய வேட்டியை நான்காய் மடித்து
குடத்தின் கழுத்தில் கட்டி
மொண்டு மொண்டு ஊற்றினேன்,
ஒரு சொட்டும் சிந்தாமல்.

துணியில் தங்கியதை
வாசல் சிமென்டில் உதறினேன்.
மணி பத்தரை.
வெறுங்காலுக்குத் தரை
இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.