முப்பத்திரண்டேகால்

கோத்தகிரி, ஜான்ஸ்டன் சதுக்கத்தில்
டிக்கெட் போடும் கடை என்னுடையது.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின்.
மழைக்காலத்தில் இரண்டுக்கும் இருமல்.

கீழ்ஹட்டி போஜன் வந்தார்.
பச்சை இலை போட்ட ரசீதைப் பின்பக்கம் திருப்பி
பேனாவை மூடி கழற்றி வைத்துக்கொண்டு கேட்டார்:
"கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கும்
கால்கரி ஏர்போர்ட்டுக்கும் எவ்வளவு தூரம்?"

தட்டினேன்.
திரையில் ஒரு கோடு கோவையில் கிளம்பி
நேரே வடக்கே ஏறி, சைபீரியாவைத் தாண்டி
உலகத்தின் உச்சந்தலைப் பனியில் வகிடெடுத்து
அந்தப் பக்கம் இறங்கியது.
பதின்மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
நிற்காமல் பறந்தால் பதினைந்து மணி நேரம்.

"அந்த வழியா பிளேன் போகுதா?"
"போகாது."
"அப்ப அதை எதுக்குச் சொல்றே?"

நியாயம்தான்.
போகிற வழியைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்.
கால்கரி – லண்டன் ஒன்பது.
லண்டனில் உட்கார ஐந்து.
சென்னைக்குப் பத்தரை, சென்னையில் நாலு,
கோவைக்கு ஒன்றேகால்,
மலையேற இரண்டரை.
கூட்டினார். முப்பத்திரண்டேகால்.
டிக்கெட் போடவில்லை. போய்விட்டார்.

அடுத்த மாதமும் வந்தார், அதே கேள்வி.
"அங்கேர்ந்து இங்கே வர்றதுக்கு மட்டும் சொல்லு.
திரும்பிப் போறது வேண்டாம்."
யார் வருகிறார்கள் என்றேன்.
"யாருமில்லை. சும்மா."

மூன்றாம் முறை
அந்த ரசீதின் ஓரத்தில்
ஐஸ் பெட்டி, நாள் வாடகை என்று எழுதி
பக்கத்தில் ஒரு தொகை.
எனக்கு விசைப்பலகையில் கை ஓடவில்லை.
"உடம்புக்கு ஏதாச்சுமாண்ணா?"
"கல்லு மாதிரி இருக்கேன்.
கணக்கு தெரிஞ்சிருக்கணும் இல்லே?
தம்பிமாருக்கெல்லாம் பொறுமை பத்தாது."

ஐப்பசி அடைமழையில் அவர் வரவே இல்லை.
ஹட்டிப் பக்கமிருந்து யார் வந்தாலும்
முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.
கேட்கத் துணியவில்லை.

ஒரு வியாழக்கிழமை
நனைந்த மப்ளரோடு வாசலில் நிற்கிறார்.
"முப்பத்திரண்டேகாலுன்னே.
நாப்பத்தஞ்சே முக்கால் ஆச்சு!"

எனக்கு விளங்கவில்லை.
"சீரியஸ்னு போன் போட்டுப் பாத்தேன்.
லண்டன்ல மூடுபனி, எட்டு மணி.
குஞ்சப்பனையில மரம் விழுந்து அஞ்சரை.
அவ்வளவு கடலைத் தாண்டினவ
ஒரு மரத்தைத் தாண்ட முடியல, பாரு."

வெளியே, மைனஸ் முப்பதுக்குத் தைத்த கோட்டில்
எங்கள் ஊர்த் தூறலில் வேர்த்தபடி
அப்பாவுக்கு முதுகு காட்டி
வர்க்கியைக் கடித்துக்கொண்டிருந்தாள் சுனந்தா.
கடித்த சத்தம் உள்ளே வரை கேட்டது.

"ரெண்டு நாளா ஒரு வார்த்தை பேசலை,"
என்றார் தணிந்த குரலில்,
வாயின் ஓரத்தை அடக்க முடியாமல்.
பிறகு ரசீதை எடுத்து
மரம் – 5½ என்று சேர்த்தார்.

"திரும்பிப் போக எப்போ போடட்டும்?"
"ரோடு சரியாகட்டும், பாக்கலாம்."

ரோடு சரியாகி இரண்டு நாளாகிறது.
மேட்டுப்பாளையம் பஸ்
ஹாரன் அடித்துக்கொண்டே
எங்கள் மூன்று பேருக்கும் முன்னால் திரும்பியது.
ஒருவரும் பார்க்கவில்லை.