ஊசி போன வழி

விடியற்காலை மூன்றேகால்.
சேலம் பெரிய ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு.
கட்டில் நாற்பது, பாய் பதினொன்று,
நானும் இன்னொருத்தியும்.
அவள் ஆக்சிஜன் சிலிண்டர் தேடிப் போயிருந்தாள்.

பாயில் கிடந்தவர் காய்ச்சலில் கையை உதறினார்.
அவ்வளவுதான்.
எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை.
கையுறையைக் கழற்றினால்
இடது சுட்டுவிரலில் ஒரு கடுகு,
சிவப்பாய்.

பிதுக்கக்கூடாது, வாயில் வைக்கக்கூடாது,
ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்:
மாணவிகளுக்கு நானே நடத்திய பாடம்.
குழாயைத் திறந்தேன்.
முதலில் காற்று வந்தது,
அப்புறம் ஒரு இருமல்,
அப்புறம்தான் தண்ணீர்.

படிவத்தில் ஒரு கட்டம்: காரணம்.
"கவனக்குறைவுன்னு போட்டுடு தமயந்தி,
மேல கேள்வி வராது" என்றார் சூப்பிரண்டெண்ட் அம்மா,
என் நல்லதுக்குத்தான்.
நிரம்பி வழிந்த ஊசி டப்பாவை,
மூன்று வாரமாய் ரிப்பேரில் கிடக்கும் மிஷினை,
ஐம்பத்தோரு பேரை
அந்தக் கட்டத்துக்குள் எழுதப் பார்த்தேன்.
இடம் போதவில்லை.
ஓரத்தில் எழுதினேன்.
பின்பக்கத்திலும்.

அவருடைய ரத்தமும் வேண்டும், சோதிக்க.
எடுக்க வேறு யார் இருக்கிறார்கள்?
அதே விரல், பிளாஸ்திரியோடு, இரண்டு கையுறைக்குள்.
ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர்.
"மறுபடியும் எதுக்கு சிஸ்டர்? எனக்கு என்னவாம்?"
"உங்களுக்கு இல்லண்ணா. எனக்கு."
விவரம் சொன்னேன்.
தானாகக் கையை நீட்டினார்,
ஊசி வெளியே வரும்வரை
மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தார்.

அந்த ரிப்போர்ட்டை இங்கே எழுத மாட்டேன்.
அது அவருடையது.
என்னுடையது இருபத்தெட்டு மாத்திரை,
வாயில் துருப்பிடித்த ஆணியின் ருசி,
அயோத்தியாப்பட்டணம் பஸ்ஸில்
வாந்திக்கு ஒரு ஜன்னலோரம்.

சித்தேஸ்வரன் தட்டுவடை செட் வாங்கி வருகிறான்.
பாதியைக் கடித்து
மீதியை என் வாய்க்கு நீட்டுவான், எப்போதும்போல.
எச்சிலில் பரவாது.
நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன்.
பசியில்லை என்கிறேன்.

ஊசி போன வழியே நூல் போகும் என்பார்கள்.
ஊசி ஒரு நொடியில் வெளியே வந்துவிட்டது.
நூல் போய்க்கொண்டே இருக்கிறது,
ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம்.

இன்றும் நைட் டூட்டி.
மாடி ஜன்னலில் ஏற்காட்டு மலைப்பாதை.
இறங்கி வரும் ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம்
கொண்டை ஊசி வளைவில் மறைகிறது,
கொஞ்சம் கீழே தெரிகிறது,
மறுபடி மறைகிறது.
அது அடிவாரம் சேர்வதைப் பார்க்க நேரமில்லை.
ஒன்பதாம் கட்டிலில் யாரோ
"சிஸ்டர்" என்கிறார்கள்.