பதினோரு வாக்குமூலங்கள்

நிஷிகோரி தொமொனாரி
பதினோரு பேரைக் கொன்றவர்.
ஒன்பது கொலைகளுக்கு நான் சாட்சி,
நீளக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி
அவர் தலைக்குமேல் பிடித்திருந்தவன்.

அதற்கு முன்னால் அவருக்குக் குரலே தேவைப்படவில்லை.
ஷின்ஜுகு நிலையத்தின் தெற்கு வாசலில்
நான்கு மாடி உயரத்துக்கு
ஒரு மழைக்காலம் முழுக்க
மழைக்கோட்டோடு நின்றிருக்கிறார்.
கீழே நனைந்தபடி நானும் ஓடியிருப்பேன்
அண்ணாந்து பார்க்காமல்.
கோடையில் கம்பளி, ஜனவரியில் நீச்சல் உடை.
அழகாயிருப்பது எட்டு மணிநேர வேலை, என்பார்,
நடுவில் பொத்தானைக் கழற்றக் கூடாது.

முதல் நாள் படப்பிடிப்பு.
வசனம் நான்கே சொல்:
அந்த நேரத்தில் நான் இங்கில்லை.
பதினேழு முறை சொன்னார்.
டைரக்டர் ஒகித்சு தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்:
"சட்டையைக் காட்டாதே ஐயா, ஆளைக் காட்டு!"
பதினெட்டாவது முறைக்கு முன்
அவர் எச்சில் விழுங்கினார்.
என் ஹெட்போனுக்கு மட்டும் கேட்டது.
கடைசியில் அதை வைத்துக்கொண்டு
வசனத்தை வெட்டிவிட்டோம்.

பிறகுதான் அந்த மர்ம நாடகங்கள்.
செவ்வாய் இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால்
பத்தே முக்காலுக்கு யாராவது ஒருவர்
கடலோரப் பாறை உச்சிக்கு வந்தாக வேண்டும்.
பின்னால் போலீஸ். கீழே அலை.
குற்றத்தை ஒப்புக்கொள்ள
ஏன் அவ்வளவு தூரம் ஏறுகிறார்கள் என்று
ஒரு கடிதம்கூட வந்ததில்லை.
பல் டாக்டராக,
பூந்தொட்டி வியாபாரியாக,
வெந்நீர் ஊற்று விடுதியின் இரண்டாம் மாப்பிள்ளையாக
ஏறிப்போய் நின்றார்.
காற்று பாதி வாக்கியத்தைத் தின்றுவிடும்.
அதை டோக்கியோவில் ஓர் இருட்டறையில்
தன் உதட்டைத் தானே பார்த்துத்
திரும்பப் பேசிக் கொடுப்பார்.

காட்சி முடிந்ததும் நான் கையைத் தூக்குவேன்.
முப்பது விநாடி, யாரும் அசையக் கூடாது,
வெறும் இடத்தின் சத்தத்தைப் பதிய வேண்டும்.
துப்பறிவாளர் இருமுவார். போலீஸ்காரர் சிகரெட் தேடுவார்.
கொலைகாரர் மட்டும்
கோட்டின் மடிப்புகூடக் கலையாமல் நிற்பார்.

மீன்கடைக்காரி கேட்டாளாம்:
"அந்த விடுதிக்காரியைப் போய் ஏன் கொன்றீர்கள், பாவம்?"
கேட்டுவிட்டு
ஒரு துண்டு கானாங்கெளுத்தி கூடுதலாக வைத்தாளாம்.
கதாநாயகனாக ஒரே ஒரு தொடர்.
ஏழாவது வாரம் நிறுத்திவிட்டார்கள்.
அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. நானும்.

எட்டாவது கொலை, நோதோ பக்கம், நவம்பர்.
வாக்குமூலத்தின் நடுவில்
டோக்கியோப் பேச்சு நழுவி
சுகாருப் பேச்சு வந்துவிட்டது.
குளிர் உள்ளே புகாதிருக்க
வாயைத் திறக்காமலே பேசுகிற ஊர் அது.
ஸ்கிரிப்டில் இருந்தது பணத்தகராறு.
அவர் சொன்னதில்
விற்றுப்போன ஓர் ஏணி இருந்தது,
மழைக்கோட்டுப் படம் மாறுவதற்குள்
ரயிலேறி வந்து பார்க்கிறேன் என்று சொல்லி
வராமல் போன ஒருவர் இருந்தார்.
மற்றது எனக்கும் பிடிபடவில்லை.
கட், என்றார் ஒகித்சு.
"யாருக்குமே புரியாது."
அடுத்த டேக் சுத்தம். அதுதான் ஒளிபரப்பானது.

முதல் டேப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்
என்று எழுத ஆசைதான்.
அழித்துவிட்டு அதன்மேல் ஒரு கார் துரத்தலைப் பதிந்தேன்.
அப்போது டேப் விலை அப்படி.

போன வாரம் செய்தித்தாளுக்குள் மடிந்து வந்தது
சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாள்.
முட்டை, பாதி விலையில் முள்ளங்கி,
பெரியவர்களுக்கான கார்டிகன், மூன்று நிறங்களில்.
மூன்றிலும் அவர்.
முடி வெளுத்துவிட்டது, தோள் அப்படியே.
பழுப்பிலும் சாம்பலிலும் நம்மைப் பார்க்கிறார்.
நீலத்தில் மட்டும்
தாளின் விளிம்பைத் தாண்டிப் பார்க்கிறார்,
பின்னால் போலீஸ் வந்துவிட்ட முகம்.
எல்லாப் பொத்தானும் போட்டபடி.

மனைவி கத்தரிக்கோலோடு வந்தாள்.
முட்டைக் கூப்பன் பின்பக்கத்தில் இருந்தது.
கை தானாக உயர்ந்தது.
இரு, என்றேன்,
முப்பது விநாடி.