அரைக் கிளட்ச்

நீடாமங்கலம் கேட் போட்டால்
முப்பது நிமிஷம், சில நாள் நாற்பது.
கூட்ஸ் வண்டி முன்னே போகும், நிற்கும்,
மறந்ததை எடுக்க வந்ததுபோல் பின்னே வரும்.
பயணிகள் இறங்கிக் கடலை வாங்குவார்கள்.
நான் இறங்குவதில்லை.
சைக்கிள் டியூபை வட்டமாய்க் கட்டி
அதன் மேல் உட்கார்ந்திருப்பேன்.
நடு ஓட்டைக்கு நேர்மேலே
நாலு வருஷ வலி.

எங்கே என்று கேட்டால் இடுப்பு என்பேன்.
இடுப்பு இல்லை.
மங்கையர்க்கரசியிடம் அடிவயிறு என்றேன்.
அடிவயிறும் இல்லை.
விதைக்குப் பின்னால் ஒரு விரற்கடை இடம்,
அதற்கு எங்கள் டெப்போவில் இருக்கிற பெயரை
டாக்டர் முன்னால் சொல்ல முடியாது.

தஞ்சாவூரில் ஸ்கேன். நார்மல்.
யூரின் கல்ச்சர். நார்மல்.
மூன்று கோர்ஸ் மாத்திரையில்
வயிறு கெட்டதுதான் மிச்சம்.
"டென்ஷன் ஆகாதீங்க" என்றார் கடைசி டாக்டர்,
அதற்கு அறுநூறு ரூபாய்.

கும்பகோணத்தில், பாத்திரக் கடை மாடியில்
ஆஸ்டியோபதி என்று போர்டு.
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஏறினேன்.
வலிக்கிற இடத்தை நஜ்முதீன் தொடவில்லை.
குடல்வால் ஆபரேஷன் தழும்பைத் தொட்டார்.
விலாவுக்குக் கீழே கட்டைவிரல் வைத்துக் காத்திருந்தார்.
குப்புறப் படுக்கச் சொல்லி
வால் எலும்பின் மேல் உள்ளங்கையைச்
சும்மா வைத்தார்.
கீழே கடையில் அண்டாவுக்கு ஒடுக்கெடுக்கிற சத்தம்.

"விடுங்க" என்றார்.
விட்டேன்.
"விடலை. பாதி மிதிச்சே வச்சிருக்கீங்க."

இருபத்தாறு வருஷ சர்வீஸ்.
அரைக் கிளட்சில் ஓட்டுகிற பையன்களை
எத்தனை முறை திட்டியிருப்பேன்,
பிளேட் கருகுதுடா, நாத்தம் வரலையா என்று.
வலங்கைமானில் முட்டியதை
டைமிங்குக்குப் பயந்து
கும்பகோணம் வரை பிடித்துக்கொண்டே வந்தவன்தானே.
படுத்தபடி சிரித்தேன். அப்புறம்
சிரிப்பு இல்லாத ஒன்று வந்தது.
அவர் எதுவும் கேட்காமல்
ஃபேனைக் கூட்டி வைத்தார்.

ஆறு தடவை போனேன்.
போயிடுச்சா என்கிறாள் அவள்.
போகவில்லை. முகூர்த்த நாள் பஸ் போல
சில நாள் நெரிக்கிறது,
சில நாள் மத்தியான டிரிப், பாதி சீட் காலி.
டியூபை இன்னும் தூக்கிப் போடவில்லை.

இன்று கேட் போட்டதும் இறங்கினேன்.
கருவேல மறைவில், வாய்க்கால் பக்கம் நின்றேன்.
தவணையாய் வந்தது, பிறகு
கொஞ்சம் தாராளமாய்.
கேட் திறந்துவிட்டது. பின்னால் பத்து ஹாரன்.
பன்னீர் விசில் அடிக்கிறான், அடிக்கிறான்.
இருடா.
இன்னும் இருக்கு.